தோற்கிற டீமுக்கு ஒரு ரசிகர்

நாங்கள் போர்ட் பிளேரில் இருந்த காலத்தில் அங்கிருந்த கல்லூரிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அது எப்போதும் தோற்றது. போலீஸ் அணியிடம் தோற்றது, துறைமுக அணியிடம் தோற்றது, ஆஸ்பத்திரி ஊழியர்கள் பொழுது போகாமல் சேர்த்துக்கொண்ட அணியிடமும் தோற்றது. ஊரில் அந்த அணிக்கென்று ஒரே ஒரு ரசிகர்தான் இருந்தார். அவர் என் அப்பா.

அப்பா அரசாங்க ஸ்டோர் ஒன்றில் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே கப்பலேறி வந்தவர். வீட்டில் அவர் குரலைக் கேட்பதே அபூர்வம். குழம்பில் உப்பு குறைந்திருந்தால்கூடச் சொல்லமாட்டார். எழுந்து போய்த் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். அலுவலகம் விட்டு வரும் வழியில் ஆட்டம் நடந்தால் வேலியோரம் குடையோடு நின்று பார்த்துவிட்டு வருவார். சில நாள் நானும் போவேன். அப்போது எனக்குப் பத்துப் பதினோரு வயது.

கல்லூரிக்குக் கீழே மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து சிமெண்டு பூசியதுதான் மைதானம். சமன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பந்து கைதவறினால் ரோட்டைத் தாண்டிக் கடலைப் பார்த்து உருளும். யாராவது ஓடிப்போய் எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். பெரும்பாலும் கல்லூரிப் பையன்களின் கையிலிருந்துதான் அது தவறும். பாவம், அவர்கள் எல்லாரும் தூரத்துக் குடியேற்றக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வங்காளி, மலையாளி, தெலுங்கு, ராஞ்சிக்காரர் என்று கலவையாக இருப்பார்கள். காட்டை வெட்டி வயலாக்கியவர்களின் பிள்ளைகள். கல்லூரிக்கு வரும்வரை வளையம் கட்டிய கம்பத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தமானில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் நாலு மணிக்கே ஆட்டம் தொடங்கும். மெயின்லேண்ட் கப்பல் வரும் நாளை விட்டால் ஊரில் வேறு வேடிக்கை இல்லை. அதனால் எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் வரும். கல்லூரி ஆடுகிறது என்றால் இன்னும் கூடுதலாக வரும். விளையாட்டைப் பார்க்க அல்ல, சிரிக்க.

பெரார்கஞ்சிலிருந்து வந்த ஒரு பையன் அணியில் இருந்தான். ஒல்லியாக, காலும் கழுத்தும் நீண்டு இருப்பான். கூட்டம் அவனுக்கு ‘பகுலா’ என்று பெயர் வைத்திருந்தது. இந்தியில் கொக்கு. ஒருநாள் குழப்பத்தில் அவன் தன் அணியின் வளையத்திலேயே பந்தைப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவன் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் நாலு பக்கமிருந்தும் கொக்குபோலக் கத்தினார்கள். கடைசியில் பந்து அவனிடம் வந்தால் பிடிக்காமல் ஒதுங்கிக்கொள்ளத் தொடங்கினான். அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்திருப்பேன், நினைவில்லை. அப்பா சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வாரமே அப்பாவும் நானும் வெங்காயம் வாங்க அபர்டீன் பஜாருக்குப் போயிருந்தோம். பஸ் நிற்கும் இடத்தில் அந்தப் பையன் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். அப்பா அவனிடம் போய் எங்கே போகிறாய் என்று இந்தியில் கேட்டார். வீட்டுக்கு என்றான். லீவா என்றார். இல்லை, இனிமேல் வயலில் தன் அப்பாவுக்கு ஆள் வேண்டும் என்றான். படிப்பு என்னாவது என்று அப்பா கேட்டபோது பெட்டியின் கொண்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பஸ் வந்ததும் அப்பாதான் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார். பஸ் வளைவில் திரும்பிய பிறகும் நின்றுகொண்டே இருந்தார். வெங்காயம் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா சத்தம் போட்டாள்.

அதற்கடுத்த ஆட்டத்தில்தான் அப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“போடுலே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அப்பாவின் குரல் என்றே முதலில் தெரியவில்லை. அப்போது பந்து எதிரணியின் கையில் இருந்தது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து எல்லா ஆட்டத்திலும் இதுதான். யாரிடம் பந்து இருந்தாலும் “போடுலே” என்பார். பந்து வளையத்துக்கு மூன்று முழம் தள்ளிப் போனால், “சாபாஷ், பக்கத்துலதாம்லே போச்சு” என்று கைதட்டுவார். பந்து சரிவில் உருண்டால் பையன்களை முந்திக்கொண்டு குடையும் கையுமாகத் தானே ஓடுவார். அணி முப்பது நாற்பது புள்ளி பின்னால் கிடக்கும்போது ரெஃப்ரியிடம் போய், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஜெயித்துவிடலாமா என்று தன் குமாஸ்தா இந்தியில் முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டு விசாரிப்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கொஞ்ச நாளில் ஜனங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலியோரத்தையே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்களுக்கும் ‘போடுலே’ தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் நான் பலகையில் கணக்குப் போட எழுந்தால் பின்பெஞ்சிலிருந்து “போடுலே” என்று குரல் வரும். தண்ணீர்க் குழாயடியில், அசெம்பிளியில், எங்கேயும் போடுலே. என் பெயரே அதுவாகிவிடுமோ என்று பயந்தேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வகுப்பில் ரேணு என்றொரு பெண் இருந்தாள். பெரிய இன்ஜினீயரின் மகள். மைதானத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நாற்காலி போடுவார்கள். அவள் கேலி செய்கிற ரகமில்லை. ஒருநாள் இடைவேளையில் என்னைத் தனியே கூட்டிப்போய், மிகவும் அக்கறையாக, உன் அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழுதேன். இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஊரே சிரிக்கி. பிள்ள பள்ளிக்கூடம் போவமாட்டேங்கா. இந்தப் பந்தாட்டம் நமக்கு எதுக்குங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சரி, போகவில்லை என்று மட்டும் சொன்னார். வாதாடுவார், கோபப்படுவார் என்றெல்லாம் எதிர்பார்த்து நான் தயாராக வைத்திருந்த அழுகை வீணாயிற்று.

அடுத்த ஆட்டத்துக்கு அப்பா போகவில்லை. அலுவலகத்திலிருந்து வேறு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் ரேணுவோடு போனேன். அவளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது. கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேலியோரம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்சநேரம் கூட்டத்துக்கு எதையோ தொலைத்ததுபோல இருந்தது. பிறகு அது பழையபடி பையன்களிடம் திரும்பிவிட்டது. ஒருவனுக்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். கேப்டன் பிமல் திக்லிபூர்ப் பக்கத்து வங்காளிப் பையன். அகன்ற தோளும் சாதுவான முகமுமாக இருப்பான். அவன் வளையத்துக்கு நேர் கீழே நின்று போட்டும் பந்து விழவில்லை. அவன் திரும்பி வேலியோரத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அதற்குப்பின் அவன் ஒருமுறைகூட வளையத்தை நோக்கிப் பந்தை எறியவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டான்.

மறுநாள் காலை பிமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா வெளியே வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா என்று அவன் தீவு இந்தியில் கேட்டான். கொஞ்சம் இருமல் என்று அப்பா பொய் சொன்னார். பிமல் தலையாட்டினான். போகாமல் நின்றான். பிறகு, அடுத்தது கடைசி ஆட்டம், துறைமுக அணியோடு, ஆள் ஐந்து பேர்தான் மிச்சம், ஒருவன் அணியை விட்டுப் போகிறேன் என்கிறான் என்றெல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஆப் ஆயேகா தோ வோ பீ ரஹேகா, அங்கிள்.”

நீங்கள் வந்தால் அவனும் இருப்பான். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. தோற்றதற்கு அப்பாவைக் குறைசொல்ல வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் என்னவோ மெதுவாகச் சொன்னார். அம்மா அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்தாள். பிறகு என்னிடம் வந்து, கடைசி ஆட்டமாம், இந்த ஒருதடவை மட்டும் போய்விட்டு வரட்டும், நீயும் கூடப் போ என்றாள். நான் கூட இருந்தால் அப்பா அடக்கமாக இருப்பார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

கடைசி ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை. நாலு மணிக்கு விட்டது. சிமெண்டில் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அப்பாவைக் கண்டதும் கூட்டம் விசிலடித்து வரவேற்றது. நாற்காலியில் ரேணு இருந்தாள். நான் அப்பாவின் குடைக்குப் பின்னால் மறைந்து நின்றேன். பாதி ஆட்டத்துக்குப் பிறகு கல்லூரி அணியில் ஒருவனுக்கு ஃபவுல் கணக்கு முடிந்து வெளியேற்றிவிட்டார்கள். மாற்றாள் கிடையாது. நாலு பேர் ஐந்து பேரை எதிர்த்து ஆட வேண்டியதாயிற்று. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடுவில் நின்ற விதத்தைக் கண்டு ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பியது. “கர் ஜாவ்” என்று எவனோ கத்தினான். வீட்டுக்குப் போங்கடா என்று இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேரில் ஒருவன் தன் பனியனின் விளிம்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். போகப்போகிறவன் அவன்தான் என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

அப்பா குடையை மடக்கினார்.

அதன்பின் அவர் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கோட்டையொட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். குடையை வாள்போலச் சுழற்றினார். நாலு பேரே போதும், அதிலும் ஒருத்தனை உட்காரவைத்துவிடலாம் என்று ரெஃப்ரியிடம் இந்தியில் அறிவித்தார். “போடுலே போடுலே” என்று கூட்டமே அவரோடு சேர்ந்து கத்தியது. பிறகு திரும்பும்போது ஈரத்தில் கால் வழுக்கி, வேலியோரச் சேற்றில் மல்லாந்து விழுந்தார். சிரிப்பில் மைதானமே அதிர்ந்தது. பெரிய இன்ஜினீயர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேணு மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். அதைவிட அவள் சிரித்திருக்கலாம்.

அப்பா எழுந்து கூட்டத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் நாலு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை. பனியனைத் திருகிக்கொண்டிருந்தவன் ஒன்று போட்டான். பிமல் வரிசையாகச் சில போட்டான். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் ஆடினார்கள். வழக்கம்போலத் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் வெளியேற்றப்பட்டவனும் வேலியோரம் வந்து, சேறோடு சேறாக அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. சீக்கிரம் போகலாம் என்று அவர் சட்டையை இழுத்தேன்.

இருட்டத் தொடங்கிய ரோட்டில் ஏற்றத்தில் நடந்தோம். அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கால்சட்டையிலிருந்து சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டு வந்தது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் “போடுலே” என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா அவனுக்கும் கையை உயர்த்தினார். எனக்கு அடக்க முடியவில்லை.

“எல்லாரும் உங்களப் பாத்துதான்ப்பா சிரிக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்லா” என்றார் அப்பா, கம்மிய குரலில். “அதுக்குத்தானம்மா போறேன்.”

நான் நின்றுவிட்டேன். அதுவரை எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அப்பாவுக்கு ஆட்டத்தின் வேகத்தில் ஒன்றும் தெரிவதில்லை, தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று நினைத்திருந்தேன். ரேணுவுக்கும் அப்படித்தான் பதில் சொல்லியிருந்தேன். இப்போது அதுவும் போயிற்று. சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே அங்கே போய் நிற்கிற ஒருவருக்கு மகளாகிவிட்டேனே என்று அதுவரை இல்லாத வெட்கம் அன்றுதான் வந்தது. அப்பா இரண்டுமுறை திரும்பிப் பார்த்து எனக்காக நின்றார். நான் பக்கத்தில் போகாமல், தெரியாதவர்களைப்போல, வீடுவரை தள்ளியே நடந்து வந்தேன்.