அப்பா படித்த புட்டிங்

ஊரில் சொன்னால் நம்பமாட்டீர்கள், மலாக்காவில் எல்லாம் டின்னில் வரும். பாலும் மீனும் போக, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் கிறிஸ்துமஸே டின்னில் வந்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் பண்டார் ஹிலிர் கடையில் இங்கிலீஷ் புட்டிங் டின்கள் விலைபோகாமல் கிடந்தன. ஒன்று வாங்காமல் என்னால் நகர முடியவில்லை.

பாளையங்கோட்டையில் என் அப்பா இங்கிலீஷ் வாத்தியார். டிசம்பர் பிறந்தால் பழைய இங்கிலீஷ் நாவல்களில் வரும் விருந்துகளைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படிப்பார். வயிற்றில் மசாலா அடைத்துச் சுட்ட வாத்து, எலுமிச்சை மிதக்கும் சூடான பஞ்ச், கடைசியில் பிராந்தி ஊற்றிக் கொளுத்தி நீல நெருப்போடு வரும் புட்டிங். எங்களுக்கு வாயில் முறுக்கு, காதில் வாத்து. "நிஜமாவே நீலமா எரியுமாப்பா?" என்றால், "எழுதியிருக்கானே" என்பார். அவரும் கண்டதில்லை. நான் டின் வாங்கிய அந்த வருஷம்தான் அப்பா போனார். தந்தி வந்தபோது அங்கே அடக்கமே முடிந்திருந்தது. அழுகைகூட வரவில்லை. அவர் பார்க்காத அந்த நெருப்பையாவது அவருக்காக ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும் என்று தவித்தேன்.

பிராந்திக்கு எங்கே போவது? கஜா பேராங்கில் எங்கள் தெருமுனைச் சீனக் கடையில் அக்கம்பக்கம் பார்த்துக் கேட்டேன். கடைக்காரம்மா மலாயில், "பாரு பெரானாக்?" என்றாள். இப்போதுதான் பிள்ளை பெற்றாயா என்று அர்த்தம். இங்கே பிராந்தி பிள்ளை பெற்றவளுக்கு மருந்து. எனக்கிருந்த அரைகுறை மலாயும் மறந்துபோய்த் தலையாட்டிவைத்தேன். பச்சை உடம்போடு வெளியே வரலாமா, புருஷனை அனுப்பு என்று திட்டித் திருப்பி அனுப்பினாள். என் வீட்டுக்காரரோ சபையில் மதுவிலக்குச் சத்தியம் செய்தவர்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நெருப்புதானக்கா வேணும்? எங்கூட்ல சூடம் இருக்குலா" என்று எடுத்துவந்தாள். வேதக்காரர்களான எங்கள் வீட்டில் சூடம் ஏற்றியதே கிடையாது. ஆனாலும் டின்னைத் திறந்து கொடுத்தேன். புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்து, உச்சியில் வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

நீலமில்லை. மஞ்சளாகப் புகைந்து எரிந்தது.

"யாருக்குக்கா இது?" என்றாள்.

"அப்பாவுக்கு."

அவள் இரண்டு கையையும் நெருப்பில் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டை என் பக்கம் நீட்டினாள். ஜெபத்துக்குக் கூப்பியிருந்த என் கைகள் பிரிந்து நெருப்புவரை போயின. அதற்குள் கண் நிறைந்து வழிந்துவிட்டது. சூடேறிய உள்ளங்கைகளைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். துடைத்தேனா, ஒற்றிக்கொண்டேனா என்று கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.