பரமக்குடிக்கு வந்த பேத்தை மீன்

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். தலைத் தீபாவளி முடிந்து பிறந்த ஊரான மண்டபத்திலிருந்து பரமக்குடிக்கு ரயிலேறியபோது என் மடியில் ஒரு தூக்குவாளி இருந்தது. பலகாரம் என்று நினைத்து எதிரே இருந்த அம்மாள் மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

அதில் இருந்தது ஒரு பேத்தை மீன். கடலில் பிடிபடும் பெரிய பேத்தை இல்லை. கடலும் ஓடையும் சேருமிடத்தில் எப்போதாவது வலையில் சிக்குகிற சின்ன ரகம். பச்சை முதுகில் கரும்புள்ளிகள், வெள்ளை வயிறு. பயந்தால் எலுமிச்சம்பழம் போல உப்பிக்கொள்ளும். என் அய்யா மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி செய்கிற இடத்தில் குமாஸ்தா. அங்கே வேண்டாமென்று கழித்த கண்ணாடித் தொட்டியில் சின்ன வயதிலிருந்தே மீன் வளர்த்துப் பழகியவள் நான். அந்தத் தொட்டியையும் கையோடு கொண்டுவந்தோம். உடைந்துவிடாமல் பரமக்குடி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்தான்.

கல்லுப்புப் போட்ட தண்ணீரில் மீன் நன்றாகவே பிழைத்தது. கண்மாய்க் கரையில் பொறுக்கிய நத்தைகளைப் போட்டால் ஓட்டைக் கடித்து நொறுக்கும். அந்தச் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். அதன் இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பும். ஒன்று என்னைப் பார்க்கும்போது மற்றது வாசலைப் பார்க்கும்.

"திங்கவும் மாட்டீக, விக்கவும் மாட்டீக. பெறகு எதுக்குத்தா இது?" என்று மாமியார் கேட்டார்.

"பாக்கத்தான் அத்த."

அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வாசலுக்கு வந்த மீன்காரி தொட்டியைப் பார்த்த பிறகுதான் எல்லாம் மாறியது.

"ஆத்தி! இதையா வீட்டுல வச்சுருக்கீக? இதோட ஈரல் துளி கொழம்புல விழுந்தாப் போதும், நாக்கு மரத்து ஆளு போயிரும். எங்க ஆளுக வலையில வந்தாத் தூக்கி எறிஞ்சுருவாக."

மறுநாளிலிருந்து நான் சமைக்கும்போது மாமியார் அடுப்படி வாசல்நிலையில் சாய்ந்து நின்றார். மீன் வாங்கினால் அவரே அரிந்தார். காப்பியை ஆற்றி மாமனாரிடம் கொடுக்கப் போனால், "சீனி போதுமான்னு நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்பார் மாமியார். மாமனார் துணிக்கடையிலிருந்து சாப்பிட வந்தால் முதலில் தொட்டியை எட்டிப் பார்ப்பார். மீன் உள்ளே இருந்தால்தான் உட்காருவார்.

எனக்கும் அவர்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தொட்டியின்மேல் போட்ட துணி நான் மடித்த மாதிரி இல்லாததுபோலத் தோன்றும். யாராவது சீயக்காயோ புகையிலையோ கரைத்திருப்பார்களோ என்று காலையில் எழுந்ததும் தண்ணீரை மோந்து பார்ப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். "எங்காத்தா அப்படிச் செய்ய மாட்டாக. நீ பேசாம இரு" என்பார். அந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். மீன் வாங்கி அரிந்து குழம்பு கூட்டும் வேலை என்னிடம் வந்தது. அடுப்பில் குழம்பை ஏற்றிவிட்டு நத்தை போடப் போனேன். தொட்டியில் மீன் இல்லை. கல்லைப் புரட்டினேன், தரையெல்லாம் தடவிப் பார்த்தேன். எங்குமில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மாமியார் வந்து குளித்துவிட்டு உள்ளே நுழைந்தார். காலித் தொட்டியைப் பார்த்தார், கொதிக்கிற குழம்பைப் பார்த்தார்.

"அந்த மீனு எங்கத்தா?"

"அத நான்தான் உங்ககிட்டக் கேக்கணும் அத்த."

மாமனாரும் வீட்டுக்காரரும் சாப்பிட வந்து உட்கார்ந்தார்கள். இலை போட்டேன், சோறு வைத்தேன், குழம்பை ஊற்றினேன். மாமனார் குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "எனக்கு மோரு போதும்" என்றார். வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்றிருந்த மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஒரு இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்பளைகளோடு சேர்ந்து அவர் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு துண்டு மீனைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார்.

"தின்னுங்க" என்றார். "கண்ணு வீங்க அழுதுருக்கா, பாத்தீகளா? மீனுக்காக இப்படி அழுகறவளா அத அரிஞ்சு கொழம்புல போடுவா?"

மாமனாரின் கை மெல்லக் குழம்பின் பக்கம் போனது. அப்போதுதான் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நான்தான் எடுத்துக்கிட்டுப் போயி ஆத்துல விட்டேன். வெடிஞ்சா அடைஞ்சா ஒருத்தர ஒருத்தர் இப்படிப் பாக்குறதத் தாங்க முடியல."

"உப்பில்லாத தண்ணியிலயா?" என்று கத்திவிட்டேன்.

சாப்பிட்ட கையைக் கழுவியதும் மாமியார் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு, "வாத்தா, போய்ப் பாப்போம்" என்றார். வைகையில் அங்கங்கே தேங்கிக் கிடந்த தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி இருவரும் தேடினோம். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன தொலைந்தது, நகையா என்று கேட்டார்கள். "மீனு" என்று மாமியார் சொன்னதும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வெயில் இறங்கும்வரை தேடியும் மீன் கிடைக்கவில்லை.

அதன்பிறகு மாமியார் அடுப்படி வாசலில் வந்து நிற்பதை விட்டுவிட்டார். என் கையால் எதைக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் எனக்குள் வேறொரு முள் தைத்துக்கொண்டது. அந்தக் குழம்பில் பேத்தை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் இருவர்தான், நானும் வீட்டுக்காரரும். அப்படியிருந்தும் அவர் ஏன் சாப்பிடவில்லை?

ஒருநாள் கேட்டேன். "நான் மொதல்ல தின்னா, மீன எடுத்தது நான்தான்னு தெரிஞ்சுரும்ல" என்றார்.

நியாயமான பதில்தான். ஆனால் அதைச் சொல்லுமுன் அவர் கொஞ்சம் யோசித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவருக்குப் பரிமாறினேன். முதல் வாயை அவர் எடுத்து வைக்கும்வரை அவர் முகத்தை விட்டு என் கண் விலகியதே இல்லை.