துருவோடு ஆறு வருஷம்

பழைய இரும்பைத் தேய்த்துச் சுத்தம் பண்ணும் தொழிலுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. மற்ற தொழிலெல்லாம் கைவிட்ட பிறகுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதற்கு முன்னால் தையல் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் ஏஜெண்டாக இருந்தேன். யுத்தம் வந்ததும் கப்பலில் மெஷின் வருவது நின்றது. மெஷின் நின்றதும் என் வேலையும் நின்றது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூருக்கு ஓடியது ஞாபகமிருக்கும். அவர்கள் பல மாதம் கழித்துத் திரும்பியபோது, மயிலாப்பூரில் துருப்பிடிக்காத ஆணி ஒன்று கூட மிச்சமில்லை. கடைகளில் புது இரும்புச் சாமான் கிடையாது. மந்தைவெளியில் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்த காதர் பாய், தன் கொட்டகையில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். துருவைத் தேய்த்து நகக்கண் எரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

புளிப்பானை

உப்புத்தாள் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் ரேஷனில். ஆகவே என் ஆயுதங்கள் எல்லாம் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் வந்தன. சின்னச் சாமானைப் புளிக்கரைசலில் ஊறப்போடுவேன். பெரிய சாமானுக்குப் புளித்த மோரைத் துணியில் நனைத்துச் சுற்றி வைப்பேன். பிறகு செங்கல் தூளும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பது. கழுவி, வெயிலில் காயவைத்து, கடைசியாகத் தேங்காயெண்ணெய் ஒரு பூச்சு. எண்ணெய் பூசாமல் விட்டால் மறுநாள் காலையில் துரு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும், ஒன்றுமே நடக்காதது போல.

என் மனைவி கோமதி முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. மோர் குறைந்தது, பேசாமல் இருந்தாள். எண்ணெய் குறைந்தது, பேசாமல் இருந்தாள். இரண்டாவது வாரம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது வெறும் சோற்றையும் உப்பையும் வைத்துவிட்டு, காலிப் புளிப்பானையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இரும்பெல்லாம் சாப்பிட்டு முடிச்சப்புறம் மிச்சமிருந்தா சொல்லுங்க, ரசம் வைக்கிறேன்."

தோசைக்கல்

என் கைக்கு வந்த முதல் பெரிய சாமான் ஒரு தோசைக்கல். மாடவீதியிலிருந்து ஒரு மாமி கொடுத்தனுப்பினாள். கும்பகோணத்தில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்து பார்த்தால், மேடைமேல் வைத்துவிட்டுப் போன கல் செம்மண் பூசியது போல இருந்ததாம். முதல் வேலை நன்றாக அமைய வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. இரண்டு நாள் புளியில் ஊறவைத்து மூன்று நாள் தேய்த்தேன். துரு போனது. அதற்குக் கீழே கறுப்பாக ஏதோ இருந்தது, அதையும் விடவில்லை. கடைசியில் கல் வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. காதர் பாயிடம் காட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருப்பிக் கொடுத்தனுப்பிய நாலாம் நாள் மாமியே கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதன் நடுவில் ஒரு தோசை பாதி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி பலகாரத்துக்கு உட்கார்ந்த அவள் வீட்டுக்காரர் பசியோடு எழுந்துவிட்டாராம். வார்த்த பன்னிரண்டும் இதே கதிதானாம். மாமி கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"துருவை எடுங்கோன்னு குடுத்தேன். இருபது வருஷமா நான் விட்ட எண்ணெயையும் சேர்த்துன்னா எடுத்துட்டேள்."

தியாகராய நகர் பூட்டு

தியாகராய நகரில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வாசல் கதவில் தொங்கிய பெரிய பூட்டு இறுகிப்போய், சாவி உள்ளேயே போகவில்லை. உடைத்துவிடலாம் என்றோம். "உடைச்சா வேற பூட்டுக்கு எங்கே போவேன்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

நானும் காதர் பாயும் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, கோழியிறகால் தேங்காயெண்ணெயைத் துளித் துளியாக உள்ளே இறக்கினோம். நடுநடுவே மரச்சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு. உச்சி வெயில் மூன்று மணி நேரம் எங்கள் முதுகில் ஏறி நின்றது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களோடேயே நின்றார். ஒருவழியாகப் பூட்டு 'டக்' என்று வாயைத் திறந்தது. அவர் காதர் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கதவைத் திறந்தோம். கூடத்தில் ஒன்றுமே இல்லை. நாற்காலி இல்லை, அலமாரி இல்லை, சுவரில் மாட்டியிருந்த படங்கள் கூட இல்லை. பின்கட்டுக் கதவு நிலையோடு காணாமல் போயிருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தோட்டத்து முருங்கை மரம் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து கொட்டகைக்குள் நுழையும்போதுதான் காதர் பாய் வாயைத் திறந்தார்.

"இன்னா பண்றது நைனா, நாம வாசப்பக்கம் வேல செய்ற ஆளுங்க."

இஸ்திரிப் பெட்டி

அடையாற்றிலிருந்து பி.ஏ. படித்த ஒருவர், கரி போடும் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் துருவும் கருகிப்போன கஞ்சியும் அடையடையாக ஒட்டியிருந்தன. மறுநாள் அவருக்கு ஒரு ஆபீசில் இண்டர்வியூ. துணிக்கும் கட்டுப்பாடு வந்திருந்த சமயம். நல்ல சட்டை என்று அவரிடம் இருந்தது ஒன்றுதான். நான் புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சூடுபண்ணி உப்பின்மேல் இழுத்தேன். மெழுகுவத்தி தடவித் துடைத்தேன். ஓரத்தை மட்டும் கடைசியாக இன்னொரு தடவை புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அடிப்பாகம் முகம் பார்க்கலாம் போல ஆயிற்று.

ஆனால் மூட்டு இடுக்கில் கொஞ்சம் புளித்தண்ணீர் தங்கிவிட்டதை நான் கவனிக்கவில்லை. அவர் வீட்டில் கரி போட்டுச் சூடேறியதும் அது வெளியே கசிந்து, சட்டைப் பைக்கு மேலே ரூபாய் அகலத்துக்குப் பழுப்பாகக் கறை போட்டுவிட்டது. அந்தச் சட்டையோடுதான் போயிருக்கிறார். பேசி முடிக்கும்வரை கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு வாரம் கழித்துப் பெட்டியோடு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"போன நாலு தடவையும் ஏன் வேலை கிடைக்கலைன்னு தெரியவே இல்ல சார். இந்தத் தடவைதான் காரணம் தெரிஞ்சுது."

டிரங்குப் பெட்டி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

யுத்தம் முடிந்து, மலேயாப் பக்கம் சிக்கியிருந்த பட்டாளத்து ஆட்கள் ஒவ்வொரு கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியாரம்மா இருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர். கணவர் இல்லை, ஒரே பிள்ளை, பட்டாளத்தில் குமாஸ்தாவாகப் போனவன். மூன்று வருஷமாகக் கடிதம் இல்லை. அவர் ஒரு டிரங்குப் பெட்டியை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினார். "சந்தானத்தோட பெட்டிப்பா. காலேஜ்ல படிக்கறப்போ வச்சிருந்தது. வந்தான்னா துணிமணி வைக்க இடம் வேணுமில்லே?" என்றார்.

பெட்டி முழுக்கத் துரு. மூடியில் துருவுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தீற்றல் தெரிந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது சிந்தியது என்று நினைத்து, செங்கல் தூளை அள்ளிப் போட்டு மும்முரமாகத் தேய்த்தேன். பாதி மத்தியானத்தில் காதர் பாய் எட்டிப் பார்த்தார். "நைனா, எழுத்து மாதிரி கீதே" என்றார். குனிந்து பார்த்தேன். கடைசி 'ம்' மட்டும் மிச்சமிருந்தது. அதிலும் புள்ளி இல்லை.

அன்று நான் அதற்கப்புறம் எதையும் தேய்க்கவில்லை. மறுநாள் லஸ்ஸில் போர்டு எழுதும் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மிச்சமிருந்த 'ம்'மையும் அழித்துவிட்டு, சந்தானம் என்று மணி மணியாக, நிழல் வைத்து எழுதிக்கொடுத்தார். காதர் பாய் தன் துண்டாலேயே மூடியைத் துடைத்தார். அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. வந்தார், பார்த்தார், அந்த எழுத்தின்மேல் ஒரு விரலை ஓட்டினார். பிறகு பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பெட்டி பெஞ்சின்மேல் இருக்கும், சந்தானம் வரவில்லை. எங்களை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ரிக்‌ஷாவில் ஏறுமுன் சொன்னது இதுதான்.

"என் பிள்ளைக்குக் கையெழுத்து இவ்வளவு அழகா வராதுப்பா."

கடைசி வாடிக்கைக்காரர்

பிறகு கடைகளில் புதுச் சாமான்கள் வர ஆரம்பித்தன. அலுமினியப் பாத்திரம் மூலைக்கு மூலை கிடைத்தது. கொட்டகைக்கு ஆள் வருவது நின்றது. காதர் பாய்க்காவது பூட்டு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. ஒரு ஜவுளிக்கடையில் சிட்டைக் கணக்கு எழுதப் போவதென்று முடிவாயிற்று.

கடையை ஒழிக்கிற அன்று ஒருவர் வந்தார். கையில் இரும்பு எதுவும் இல்லை. காகிதமும் பென்சிலும் இருந்தன. வீட்டுக் கிணற்றடி இரும்புச் சாமான்களைத் தானே சுத்தம் செய்ய வேண்டுமாம், வழி சொல்ல முடியுமா என்றார். எனக்கும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எதில் எங்கே நிறுத்துவது, எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இடுக்கில் ஈரம் தங்காமல் துடைப்பது என்று ஆறு வருஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டது நாலு வரி. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலியாக இருந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா சார் ஒரு கடை வச்சிருந்தீங்க?"

நான் துருவை ஜெயித்துத் திருப்பிக்கொடுத்த சாமான்களெல்லாம் இந்நேரம் யார் யார் வீட்டிலோ சாவகாசமாக மறுபடி துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.