என் மாவும் அண்ணனின் சிறுநீரகமும்

பதினோரு வருஷமாக நான் தினமும் ஒரு கரண்டி கிரியேட்டின் குடித்து வருகிறேன். வெள்ளை மாவு. எவ்வளவு கலக்கினாலும் முழுதாகக் கரையாது. கடைசி மடக்கில் மணல்போல நாக்கில் நிற்கும். பளு தூக்குகிறவனுக்கு இன்னும் இரண்டு தடவை கூடுதலாகத் தூக்கத் தெம்பு கொடுக்கும், அவ்வளவுதான். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், கீழே உள்ள மோட்டார்சைக்கிள் பட்டறையின் எண்ணெய் வாடையோடு, வாரத்தில் நான்கு நாள் தூக்குகிறேன். வயது ஐம்பத்திரண்டு. போட்டிக்கெல்லாம் போனதில்லை. மற்றவர்கள் தூண்டில் போடப் போகிறார்கள், நான் இங்கே போகிறேன்.

குடும்பத்தைப் பொறுத்தவரை நான் போதைக்கு அடிமையானவன். அதைக் கண்டுபிடித்தவர் செமோரில் இருக்கும் என் அண்ணன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அப்பா போன பிறகு எங்கள் எல்லோருக்கும் பெரியவர். மாவு கிட்னியைத் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. ஆதாரம், கைப்பேசியில் வந்த ஒரு குரல் பதிவு: யாரோ ஒரு பையன் மாவு தின்றான், கிட்னி போய்ச் செத்தான். அந்தப் பையனின் ஊர் ஒரு தடவை ஆயர் தாவார், இன்னொரு தடவை ஹுத்தான் மெலிந்தாங். எந்த ஊரில் இருந்தாலும் தவறாமல் செத்துவிடுவான்.

"நிப்பாட்டுடா தம்பி. கிட்னி போச்சுன்னா ஒன்னோட பாடிய வச்சி என்னடா செய்யப்போற?" என்பார், கெட்டிப்பால் கூடப் போட்ட தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே.

என்னிடமும் பதில் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்கள் அளவோடு எடுத்தால், வருஷக்கணக்கில் எடுத்தாலும் கெடுதல் தெரியவில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பதைத் தேடித்தேடிப் படித்திருந்தேன். டப்பாவின் ஒட்டுத்தாளைக் கண்ணாடி போட்டு வாசிப்பேன். கலப்படம் இல்லை என்று வெளி ஆய்வுக்கூடம் சோதித்த முத்திரை இல்லாவிட்டால் வாங்கவே மாட்டேன். இதையெல்லாம் விளக்கினால் அண்ணன் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்: "ஆராய்ச்சி பண்ணவன் ஒனக்கு அண்ணனா?"

கடைசியில் அவர் வாயை அடைக்க, ரத்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டேன். ரத்தம் கொடுப்பது நான்தானா என்று உறுதி செய்துகொள்ள அவரும் கூடவே வந்தார். ஊசி குத்திய நர்ஸ், "அறுவது தாண்டிட்டீங்கல்ல அங்கிள், நீங்களும் குடுத்துட்டுப் போங்க லா" என்றாள். பயப்படுகிறவர் இல்லை என்று காட்டவேண்டுமே, சட்டைக் கையை மடித்து நீட்டினார். இரண்டு படிவங்களையும் அவரே பூர்த்தி செய்தார். இரண்டிலும் தன் கைப்பேசி எண்ணையே எழுதினார்.

இது எங்கள் குடும்ப வழக்கம். நாங்கள் பிறந்த கித்தாத் தோட்டத்து லயத்தில், ரப்பர் மரம் வெட்டுகிறவர்களின் அந்த வரிசை வீடுகளில், முதன்முதலில் கைப்பேசி வாங்கியவர் அவர். அதிலிருந்து பள்ளிக்கூடம், தண்ணி பில், என் மனைவியின் பிரசவப் படிவம் வரைக்கும் அவர் எண்தான். தோட்டத்தை வீடமைப்புப் பேட்டையாக்கி, நாங்களும் திசைக்கொருவராகப் போன பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. என் வீட்டுக் கூரை ஒழுகினாலும் மேஸ்திரி அவரைத்தான் கூப்பிடுவான்.

நான்கு நாள் கழித்துக் கிளினிக்கிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ரிசல்ட் வந்துவிட்டது, கிட்னி சரியில்லை, டாக்டரைச் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்றிருக்கிறாள் நர்ஸ். யாருடைய ரிசல்ட் என்று அவள் சொல்வதற்குள், "தெரியும்மா, தெரியும். நானே கூட்டிக்கிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார்.

உடனே கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. என்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம். அதனால் என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொன்னார். பத்து நாள். தினமும் செமோரிலிருந்து வண்டியேறி வந்து பார்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். எனக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதையே விட்டார். ஒரு கல்யாணத்தில் சித்தப்பா மகன் என் தோளைப் பிடித்து, "தைரியமா இருங்க அண்ணே" என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே என் மனைவி மாவு டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

நான் பயந்துபோனேன். படித்ததெல்லாம் ஒரு நிமிஷத்தில் பொய்யாகிவிட்டது. காலையில் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தேன், நுரையைப் பார்த்தேன். பிள்ளைகளின் படிப்புச் செலவை நினைத்து ஜிம் பக்கமே போகவில்லை. ஆயர் தாவார் பையனை நான் நம்பிய அளவுக்கு வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் அண்ணன் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா இரண்டு தாள்களையும் மேஜைமேல் பரப்பினார். முதலில் என்னுடையது.

"ஒங்களுக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் கூட இருக்கு. நீங்க சாப்புடுற மாவு ஒடம்புல ஒடஞ்சி அதாத்தான் ஆவும். தசையும் அதிகம். அதனால நம்பர் ஏறிக் காட்டும், கிட்னி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. கொஞ்ச நாள் நிப்பாட்டிட்டு வாங்க, தசையோட அவ்வளவா சம்பந்தப்படாத வேற டெஸ்ட் ஒண்ணும் சேத்துப் பாக்கலாம்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நாங்க சீக்கிரம் வரச் சொன்னது ஒங்களத்தான் அங்கிள். இத்தன நாளா ஏன் வரல?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பதினோரு வருஷ வாதத்தில் ஜெயித்துவிட்ட சந்தோஷம். அண்ணன் முகத்தைப் பார்க்கும்வரை அது இருந்தது. அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, "அப்ப ஒனக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் ஒண்ணும் சாப்புடுறதில்ல டாக்டர். முட்டி வலிக்கு மட்டும் மூலிக."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் பாக்கெட்டை எடுத்து வைத்தார். டாக்டரம்மா அதைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் செய்தது, பதிவு எண், எதுவுமே இல்லை. இந்த மாதிரிப் பாக்கெட்டுகளில் வலி மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுவது உண்டு என்றார். அதையே வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி தாங்காது என்றார்.

"எத்தன வருஷமா?"

"நாலு வருஷம் இருக்கும்."

"எங்க வாங்குறீங்க?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஜிம்மிலிருந்து திரும்பும் வழியில், சனிக்கிழமைச் சந்தை கூடும் பாசாரில், பெரிய குடை வைத்த கடையில். மாதாமாதம் அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். என் மாவு டப்பாவின் பொடி எழுத்தை ஒன்று விடாமல் வாசித்த நான், நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தான் வாங்குனேன் டாக்டர்" என்றார் அண்ணன். "பாசார்ல. இவனுக்கு ஒண்ணும் தெரியாது லா."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுபரிசோதனையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. டாக்டரம்மா அனுமதித்தார், மறுபடி மாவு குடிக்கிறேன். அண்ணனுக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. போனது திரும்பாது, பாக்கெட்டை நிறுத்தி உப்பைக் குறைத்தால் மீதியைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். இப்போது அவர் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நிற்கிறார். கிட்னியைக் கெடுக்காது என்று டாக்டர் கொடுக்கும் வலி மாத்திரை முட்டிக்குப் போதவில்லை.

சொந்தக்காரர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தம்பி தின்கிற மாவை நினைத்து நினைத்தே அண்ணனுக்குக் கிட்னி போய்விட்டதாம். பந்தியில் என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், "விடுங்க லா, சோறு ஆறுது" என்பார். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுங்கள் என்று என் மனைவி கோபப்படுகிறாள்.

நான் காட்டவில்லை. தம்பியால்தான் போனது என்று அவர்கள் சொல்லும்போது தலையாட்டிவிட்டு, குனிந்து சாப்பிடுகிறேன்.