சத்தம் வராத படத்துக்குச் சிரித்தவர்

செய்தி வந்தபோது நான் கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஹமீது பாய். எடுத்த உடனே கடகடவென்று பேசுகிறவர், அன்றைக்கு என் பெயரையே இரண்டு முறை தட்டுத்தடுமாறிச் சொன்னார். பிறகு, "சாந்தி, நம்ம தனா போயிட்டான்லா" என்றார். பந்திங்கில் தன் வீட்டில் காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நோய், படுக்கை என்று யாரையும் அலைக்கழிக்காமல் போனது அவருக்கு நல்லதுதான். இருந்தாலும் பாசார் என்றும் பார்க்காமல் அழுதேன். மீன்காரர் பையை நீட்டியபடியே நின்றார்.

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்தில் தனபாலனோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரை வாய் திறக்காத மனிதராகத்தான் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் வேறு ஆள். எங்களுக்கு என்றால், எனக்கு, என் கணவர் ரவிக்கு, அலுவலகத்தை விட்டுப்போய் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை வைத்த ஹமீது பாய்க்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு தனாவும் அவர் மனைவி புஷ்பாவும் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பாய் கொண்டுவரும் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, மடிக்கணினியைப் பெரிய டிவியில் இணைத்துப் பழைய படம் பார்ப்போம். அதாவது, தனா அனுமதித்தால் பார்ப்போம்.

முதல் ஞாயிறு திரை கறுப்பாகவே இருந்தது. டிவி போய்விட்டது, புதிது வாங்கலாம் என்று ரவி ஆசையோடு சொன்னார். தனா கேட்கவில்லை. டிவியை அணைத்துப் போட்டார், மடிக்கணினியை அணைத்துப் போட்டார், கடைசியில் தன் காரிலிருந்து வேறொரு வயரைக் கொண்டுவந்து சொருகினார். படம் வந்துவிட்டது. "எல்லாரும் டிவியத் திட்டறோம், லேப்டாப்பத் திட்டறோம். நடுவுல கிடக்கிற வயரை ஒருத்தரும் சந்தேகப்படறதில்ல" என்றார். ரவிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

இன்னொரு நாள் படத்தின் அடியில் ஓடும் மலாய் வரிகள் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. தமிழ்ப் படம் பார்க்கிற தமிழர்களுக்கு மலாய் வரி தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? தனா விடவில்லை. டிவி படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது என்று சொல்லி, படத்தை முழுதாகக் காட்டும் அமைப்பை ரிமோட்டில் தேடு தேடென்று தேடினார். பிரியாணி ஆறி, தேநீரும் ஆறியது.

"நம்ம படத்துக்கு நமக்கே எதுக்குங்க மலாய்?" என்றேன்.

"மலாய் மறந்துடக் கூடாதுலா" என்றார், திரும்பாமலே.

எல்லாவற்றையும்விட அவரைப் பாடாய்ப் படுத்தியது உதட்டசைவு. டிவியின் சத்தம் போதவில்லை என்று மடிக்கணினியில் தனி ஸ்பீக்கர் மாட்டியிருந்தோம். அதிலிருந்து பேச்சு ஒரு இமைப்பொழுது முந்தி வந்ததாம். எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. அவருக்கு மட்டும் பல்லில் கல் மாட்டியதுபோல் இருந்தது. "டிவி படத்தைச் சீவிச் சிங்காரிச்சு அனுப்பறதுக்குள்ள சத்தம் கிளம்பிடுது. வாயும் பேச்சும் ஒண்ணா வரணும்" என்று சொல்லி, பிள்ளைகள் விளையாடுவதற்கென்று டிவியில் இருக்கும் கேம் மோடைப் போட்டார். சிங்காரம் குறைந்தது, படமும் சத்தமும் சேர்ந்துகொண்டன. "கதாநாயகி விம்மி விம்மி அழறா, நாம கேம் மோட்ல பாக்குறோம்" என்று நான் கிண்டலடித்தேன். அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயரும் வைத்தேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிறு வந்தது. பாய் தன் மகளின் கல்யாணத்தைப் பினாங்கில், வீட்டாரோடு மட்டும் நடத்தியிருந்தார். நாங்கள் யாரும் போகவில்லை என்பதால் வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். தனா வயரைச் சொருகி, ஓரங்களைச் சரிபார்த்து, கேம் மோடும் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் பாய் மேடையேறிப் பேசுகிறார். கேமரா முகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. சத்தம் இல்லை. இன்ஸ்பெக்டர் இருக்கிறார், இப்போது வந்துவிடும் என்று நாங்கள் காத்திருக்கிறோம். தனா திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

பாய் திரும்பிப் பார்த்தார். "தனா, சத்தமே வரலையேடா. எதுக்குச் சிரிக்கிறே?"

தனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பீக்கரைப் பார்த்தார். சுவிட்சைப் போடவே மறந்திருந்தார்.

"மாப்பிள்ளை சாப்பிடற வேகத்தைப் பாத்தா என் கடை இனிமே அவருக்கு மட்டும்தான்னு சொன்னியே, அதுக்குத்தான்" என்றார் மெல்ல.

பாய் வாயைப் பிளந்தார். பினாங்கில் அவர் சொன்னது அதேதான்.

"சொல்லிடுங்களேன்" என்றார் புஷ்பா.

தனா சொன்னார். பல வருடங்களாகவே காது மங்கிக்கொண்டு வந்ததாம். மெஷின் போட்டுப் பார்த்தால் மின்விசிறி, லோரி, பாத்திரம் எல்லாம் கேட்டதாம், மனிதர்கள் பேசுவது மட்டும் விளங்கவில்லையாம். அதனால் உதட்டைப் பார்த்தே பிழைத்திருக்கிறார். காதில் மங்கலாக விழும் ஒலி உதட்டோடு ஒத்து வராவிட்டால் அதுவும் குழம்பிவிடுமாம். உதடு தெரியாத இடத்தில் மலாய் வரி கைகொடுத்திருக்கிறது. அலுவலகத்தில் அவர் வாய் திறக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்னங்க?" என்றேன்.

"தெரிஞ்சா கத்திக் கத்திப் பேசுவீங்க. பாவம் பாப்பீங்க. அப்புறம், அவனுக்குத்தான் கேக்காதே, எதுக்குச் சிரமம்னு கூப்பிடறதையே விட்டுடுவீங்க. என் தங்கச்சி வீட்ல அப்படித்தான் ஆச்சு. எனக்கு இருக்கிறது இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான்."

பாய் சந்தேகத்தோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இத்தனை நாளா நான் பேசினதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"உன் பேச்சு மட்டும் பாதிதான். மீசை மறைக்குது. கல்யாணத்துக்கு ஒதுக்கியிருந்தே, அதான் நல்லாக் கேட்டுச்சு."

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் எது சிரிப்பு, எது அழுகை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பாய் வந்து நின்றபோது அந்தப் புதர் மீசை ஒரு கோடாகியிருந்தது. "வெயில் தாங்கல" என்றார். படம் ஓடும்போது கூடத்து விளக்கை அணைப்பதை ரவி நிறுத்தினார். நாற்காலிகள் வட்டமாயின. அதற்குப் பிறகு தனா பேசிய பேச்சு இருக்கிறதே! அலுவலகக் காலத்துக்கெல்லாம் வட்டி போட்டுப் பேசினார். படத்தை நிறுத்திவிட்டு அவர் கதையைக் கேட்ட நாட்கள் உண்டு.

பந்திங்கில் தனாவின் காரியம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது புஷ்பா வாசல்வரை வந்தார். "இனிமே ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிடுவீங்களா சாந்திக்கா? அவர் இல்லாம…" என்று இழுத்தார். நான் பதில் சொல்வதற்குள் பாய் புஷ்பாவின் முன்னால் போய் வெளிச்சத்தில் நின்றார். முகத்தை நேரே காட்டி, உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "கண்டிப்பா. வரணும். நாற்காலி. இருக்கு."

புஷ்பா அத்தனை அழுகையிலும் சிரித்துவிட்டார். "எனக்குக் காது கேக்கும் பாய்."

போன ஞாயிறு புஷ்பா வந்திருந்தார். எங்களில் யாருக்கும் இப்போது தேவையில்லை, ஆனாலும் நான் கேம் மோடைப் போட்டேன். பாயின் மீசையும் வளரவில்லை. தனா எனக்கு விட்டுப்போனது வேறொன்று. கல்யாணமான நாளிலிருந்து ரவியிடம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசியவள் நான். இப்போது அடுப்பைத் தணித்துவிட்டு, கூடத்துக்கு வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று பேசுகிறேன். முதல் நாள் அவர் பயந்துபோய், "என்னம்மா, என் மேல கோபமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, சாம்பாருக்கு உப்பு போதுமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.