நான்கு டயர்களை உதைத்த நிபுணன்

தொண்ணூறுகளின் கடைசி. வீட்டில் நாங்கள் ஏழு பேர். எங்கள் வசதிக்கேற்ற விலையில், பின்பக்கம் நீண்ட பழைய எஸ்டேட் கார் ஒன்று திருவொற்றியூரில் இருந்தது. பெரிய நிபுணன் போல நான்கு டயர்களையும் உதைத்துப் பார்த்து, "ஜோரா கீதுண்ணா, முடிச்சிக்கலாம்" என்றேன்.

கார்க்காரர் சிரித்தார். "டயர ஒதைச்சது போதும் நைனா. பின்னாடி ரப்பர் ஷீட்ட தூக்கிப் பாத்தியா?"

தூக்கினேன். உப்புக்காற்றில் தகரம் அரித்து, ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. என் பிள்ளைகள் உட்கார வேண்டிய இடம்.

"நீயே இன்னாத்துக்குண்ணா சொல்றே? நான் வாங்கினு பூட்ருப்பேனே!"

"பசங்கள ஏத்திக்கினு போறவன் நீ. சொல்லாம வித்துட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

அவர் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து தந்த பிறகு அதே காரை வாங்கினேன். எட்டு வருடம் மக்கர் செய்யாமல் ஓடியது. இன்றும் பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் ரப்பர் ஷீட்டைத்தான் தூக்குகிறேன். கௌரவத்துக்காக ஒரு டயரை மட்டும் உதைத்துக்கொள்கிறேன்.