அய்யன் தலை கொடுத்தது காதர் பாய்க்கு

காதர் பாயின் சின்ன மகன் மொபெட்டை விட்டு இறங்கக்கூட இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே, "பெரியப்பா, அத்தா மௌத்தாயிட்டாருங்க" என்று சொல்லி அழுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அது. என் பனியன் செட்டில் ஓடிய தையல் மெசின்களையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். நான் அழுவேன் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் வந்த நினைப்பு வேறு. என்னைப் பெற்ற அய்யன் கடைசி இரண்டு வருசம் பேசிய பேச்செல்லாம் இந்த மனுசனோடு போய்விட்டதே என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மண்ணரை ஊருக்குள் காதர் பாயைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருசம் என் செட்டில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அவர் வெட்டிய பனியனைப் போட்டவர்களைவிட, லீவு நாளில் அவரிடம் முடி வெட்டிக்கொண்டவர்கள்தான் இதைப் படிக்கிறவர்களில் அதிகம் இருப்பீர்கள். எனக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். செத்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்லுங்கள் மாமா என்கிறாள். நல்லதுதான் சொல்லப் போகிறேன். அந்த நல்லதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலிபாளையம் பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதை விற்றுத்தான் மண்ணரையில் செட்டுப் போட்டேன். பத்திரம் பதிந்த அன்றோடு அய்யன் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரு வார்த்தை கிடையாது. சில வருசம் கழித்து அவருக்கு இடப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு கொஞ்சம் குழறியதே தவிர, பேச்சு இருந்தது. என் சம்சாரத்திடம் பேசுவார், பால்காரரிடம் பேசுவார். நான் உள்ளே போனால் சுவரைப் பார்ப்பார். அவர் சாவதற்குள் என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அய்யனுக்கு முடி தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டது. சலூனுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடையை விட்டு வீட்டுக்கு வர சலூன்காரருக்கு நேரமில்லை. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் ஒரு பெட்டியோடு வந்தார். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த, முடி வெட்டும் கரண்டு மெசின். தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அதில்தான் வெட்டிவிடுவார். பெட்டிக்குள் மெசினின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகள் நான்கு இருந்தன. பிளேடைத் துடைக்கச் சின்ன பிரசும் இருந்தது. மீதியெல்லாம் அவரே செய்தது. பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை ஒரு போர்வையின் கழுத்தில் வைத்து ஓவர்லாக் அடித்திருந்தார். இழுத்தால் விரியும், விட்டால் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். ஒரு முடி உள்ளே இறங்காது. அய்யனின் தலை ஒரு பக்கம் சாயும் என்று கேள்விப்பட்டு, வேஸ்ட் துணியைத் திணித்து வளையம் மாதிரி ஒரு தலையணையும் தைத்துக் கொண்டுவந்திருந்தார். அது கழுத்தைத் தாங்கிக்கொண்டது. பிளேடுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு. வெட்டி முடித்தால் சீப்பில் சிக்கிய முடியைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுவார். தலையில் வைப்பதற்கு முன் பிளேடைத் தன் கன்னத்தில் வைத்து, சூடாகிவிட்டதா என்று பார்ப்பார்.

"நமக்குச் சூடு தெரிஞ்சா நிறுத்திக்குவோமுங்க. தலையக் குடுத்தவரு சொல்லமாட்டாரு" என்பார்.

அன்று அய்யன் காதர் பாயிடம் கேட்டார்: "ராவுத்தரே, இதென்ன, வண்டு மாதர கத்துது?"

"வண்டுதானுங்கய்யா. கடிக்காத வண்டு."

அய்யன் சிரித்தார். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். தோட்டம் போனதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என் அப்பனைச் சிரிக்க வைக்க என் செட்டில் வேலை செய்கிற ஆள் வர வேண்டியிருந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பொறாமை.

மாதம் இரண்டு ஞாயிறு வருவார். கதவு பாதி சாத்தியிருக்கும். மெசின் சத்தத்துக்கு நடுவே அய்யனின் குரல் கேட்கும், பேச்சு புரியாது. வெளியே வந்ததும், "என்னங்க பாய் சொன்னாரு?" என்று கேட்பேன்.

"சும்மா பேசிட்டிருந்தாருங்கண்ணா."

"சும்மான்னா?"

"சும்மாதானுங்க" என்று சொல்லிக்கொண்டே பம்பை எடுத்து ஊதிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பம்பைப் பிடுங்கி எறியலாமா என்று வரும்.

முடி வெட்டினால்தான் பேசுவார் என்றால் நானே வெட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். கோயமுத்தூர் போய் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் அதே மாதிரி மெசின் வாங்கினேன், அவருடையதைவிடப் பெரிய பெட்டி. சீப்பே ஆறு. ரிப் கழுத்து வைத்த போர்வையும் எங்கள் டெய்லரிடம் தைத்து வாங்கினேன். பெட்டிக்குள் விளக்கமாக எழுதிய காகிதம் ஒன்று இருந்தது. அது எனக்கு ஆகாது. சீப்பில் எண் மட்டும் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

பனியனில் எண் என்றால் ஆளின் அளவு. சின்னப் பையனுக்கு எழுபத்தைந்து, பெரிய ஆளுக்குத் தொண்ணூறு, நூறு. பொழுதன்னிக்கும் அதிலேயே கிடந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? சீப்பின் எண் தலையின் அளவு என்று எடுத்துக்கொண்டேன். படுத்த பிறகு அய்யனின் தலை வற்றிச் சிறுத்திருந்தது. ஒன்றாம் நம்பர் போதும் என்று மாட்டினேன். நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு. மண்டைத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது. பயத்தில் பக்கத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

அய்யன் நல்ல கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். பல வருசத்துக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்தார்.

"எவன் செத்துட்டான்னு எனக்கு மொட்டை அடிக்கறே?"

அவ்வளவுதான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காத்திருந்த ஒரு வார்த்தை அப்படி வந்தது. அதற்குப் பின்னால் வேறு எதுவும் வரவில்லை.

சம்சாரம் ஓடிப்போய்க் காதர் பாயைக் கூட்டிவந்தாள். அவர் தலையைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. அதே ஒன்றாம் நம்பரால் முழுத் தலையையும் ஒரே மட்டமாக்கிவிட்டு, வெளியே வந்து என் தோளில் கை வைத்தார்.

"துணியில தப்பு வந்தா பீஸ் போச்சுங்க. முடி பதினஞ்சு நாள்ல வந்துருமுங்கண்ணா. நம்பர் பெருசாகப் பெருசாக முடி நீளமா நிக்கும். தலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

அதை என் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சாகும் வரைக்கும் அவர் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் உங்களுக்கே தெரிகிறது. அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதையுமா மாமா?" என்கிறாள். எழுது கண்ணு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே பேச்சு ரொம்பக் களைகட்டியது. என்னால் தாங்க முடியவில்லை. முன்பக்கம் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். மெசின் நின்றது.

"கரண்டு போயிருச்சுங்கய்யா. பாதித் தலை நிக்குது. என்ன பண்றதுங்க?"

"அவசரமென்ன ராவுத்தரே, கத்திரியில வெட்டு. மொள்ள வெட்டு."

கத்திரியும் சீப்புமாக அன்று வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் அதிகமானது. அந்த முக்கால் மணி நேரமும் அய்யன் பேசினார். மெசின் சத்தம் இல்லாததால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கு அதிலும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

அடுத்த தையில் அய்யன் போய்விட்டார். அந்த மொட்டைப் பேச்சுக்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு பத்து வருசம் காதர் பாயும் நானும் ஒரே மேசையில் டீ குடித்தோம். நான் கேட்கவில்லை. அவர் நோயில் படுத்த பிறகு, இந்த வருசம் பார்க்கப் போனபோதுதான் கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லுங்க பாய். அய்யன் என்ன பேசுவாரு?"

"சொன்னா நம்பமாட்டீங்கண்ணா. இந்தச் சீப்பு எதுக்கு, அந்தச் சீப்பு எதுக்கும்பாரு. சொல்லுவேன். அடுத்த தடவையும் அதையே கேப்பாரு. மறதின்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது, கேட்டுட்டே இருந்தா நான் சீக்கிரம் முடிக்கமாட்டேன்ல. எண்ணெய், பிரசு, பம்பு, இதேதானுங்க பேச்சு."

"என்னப் பத்தி?"

"நல்லதும் சொல்லலீங்க. கெட்டதும் சொல்லலீங்க."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இரண்டு வருசம் ஒரு மனுசன் சீப்பைப் பற்றியே பேச முடியுமா? என் மனம் நோகக் கூடாதென்று எதையோ விழுங்கிவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சீப்பைப் பற்றித்தான் என்றே வைத்துக்கொண்டாலும், அதை என்னிடம் கேட்டிருக்கலாமே? எனக்குத் தெரியாவிட்டால் யாரையாவது விசாரித்து வந்து சொல்லியிருப்பேன். அந்தச் சீப்புப் பேச்சும் காதர் பாய்க்குத்தான் கிடைத்தது.

பாய், உங்களைக் குழியில் இறக்கியபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். பொறாமை குறையவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. பாதி சாத்திய கதவுக்கு வெளியே நின்று என் அய்யன் சிரித்ததை நான் கேட்டேன். அவர் சிரித்தது உங்களுக்குத்தான். ஆனால் இனி அதைக் கேட்டவன் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன்.